தலச்சேரி மழை, கடலூர் வெயில்

குடை விற்கப் போனவன் நனையாமல் வீடு திரும்பியதாக நான் கேள்விப்பட்டதே இல்லை. மாதிரிக் குடையை விரித்துக்கொண்டு தெருவில் நடக்கக் கூடாது என்பது எங்கள் கம்பெனியின் முதல் உத்தரவு. ஈரக் குடையைக் காட்டினால் பழைய குடை என்று கடைக்காரர் ஒதுக்கிவிடுவாராம். அதனால் பெட்டி நிறையக் குடையும் தலையில் ஒரு துண்டுமாக ஓடினேன். ஊர் ஊராகப் பெட்டி தூக்கியவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. சோப்பு விற்றவர் அழுக்குச் சட்டையோடு அலைந்திருப்பார். மருந்து விற்றவர் காய்ச்சலோடு ரயில் ஏறியிருப்பார். அவர்களை நம்பித்தான் இதை எழுதுகிறேன்.

நான் கிளியனூர்ப் பக்கத்தில் ஒரு சேரியில் பிறந்தவன். பெயர் ஆசீர்வாதம். திண்டிவனத்தில் பாதிரிமார் பள்ளிக்கூடத்தில் படித்தேன். முப்பதுகளின் நடுவில் பட்டணத்துக் குடைக் கம்பெனி ஒன்றில் ஊர் ஊராகப் போய் ஆர்டர் பிடிக்கும் டிராவலர் வேலை கிடைத்தது. இரண்டு கடற்கரையை என்னிடம் ஒப்படைத்தார்கள். மேற்கே கோழிக்கோடு, தலச்சேரி, கண்ணூர். அங்கே வைகாசி முடிவதற்குள் மழை இறங்கிவிடும், அதற்கு முன்னும் பின்னும் எனக்கு வேலை. கிழக்கே புதுச்சேரி, கடலூர், பரங்கிப்பேட்டை. இங்கே மழை ஐப்பசிக்குத்தான் என்பதால் ஆவணியிலேயே சுற்ற ஆரம்பிப்பேன். இரண்டு கரைக்கும் ரயில் பிடிக்க விழுப்புரம்தான் வசதி என்று ஸ்டேஷன் பக்கம் ஒரு சின்ன வீட்டை வாடகைக்கு எடுத்தேன். அதில் நானும் என் மனைவி ரோசம்மாவும் இருந்தோம். மிச்ச இடத்தில் குடைகள் இருந்தன.

மேற்கே முதல் நாள்

தலச்சேரியில் முதல் முறை இறங்கியபோது மழை என்னை ஸ்டேஷனிலேயே பிடித்துக்கொண்டது. எங்கள் பக்கத்தில் மழை வந்தால் வேலை நிற்கும். ஆடு மாட்டைக் கட்டிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலையை வறுத்துத் தின்றபடி அது விடட்டும் என்று உட்கார்ந்திருப்போம். தலச்சேரியில் மழைக்காக யாரும் எதையும் நிறுத்தவில்லை. மீன்காரர்கள் கூவிக்கொண்டு போனார்கள். வக்கீல்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். பிள்ளைகள் சிலேட்டோடு பள்ளிக்கூடம் போனார்கள். கடைத்தெரு முழுக்கக் கறுப்புக் குடைகள். அவற்றின் கீழே கால்கள் மட்டும் அவசரமாக நடந்துகொண்டிருந்தன. சுவரோரம் ஒதுங்கி நின்றது நான் ஒருவன்தான்.

நான் பார்க்க வேண்டியவர் மூசாக்கா; அங்கே 'இக்கா' என்றால் அண்ணன். எங்கள் கம்பெனிக் குடைகளைத் தலச்சேரியில் விற்பவர். நரைத்த தாடி, தாழ்ந்த குரல். அந்தக் காலத்தில் அரிசி வியாபாரத்தில் தமிழர்களோடு பழகித் தமிழ் கற்றுக்கொண்டவர். நடுநடுவே மலையாளம் எட்டிப் பார்க்கும். சொட்டச் சொட்ட அவர் கடையில் போய் நின்று பெட்டியைத் திறந்தேன். உள்ளே குடைகள் இஸ்திரி போட்ட மாதிரி உலர்ந்து கிடந்தன. அவர் குடையைப் பார்க்கவில்லை. என் முடியிலிருந்து வழிகிற தண்ணீரைப் பார்த்தார். ஒரு துண்டை எடுத்துக் கொடுத்தார். பால் விடாத சூடான டீ ஒன்று வரவழைத்தார். நான் துவட்டி முடிக்கும்வரை பொறுத்திருந்து கேட்டார்: "நீங்க குடை விக்குற ஆளோ, குடை சுமக்குற ஆளோ?"

கடலூர்க் கண்ணாடி

கிழக்கே எனக்கு மூசாக்கா மாதிரி இருந்தவர் கடலூர் பழைய டவுனில் கடை வைத்திருந்த நடேச செட்டியார். பேச்சில் கறார். மனசில் அவ்வளவு கறார் கிடையாது. அவர் கடைச் சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு நிலைக்கண்ணாடி உண்டு. ஜவுளிக்கடைக்குக் கண்ணாடி சரி, குடைக் கடைக்கு எதற்கு என்று முதலில் நினைத்தேன். ஒரே நாளில் காரணம் தெரிந்தது.

தலச்சேரிக்காரர் குடையைக் கையில் வாங்கியதும் விரிப்பார். கம்பியை வளைப்பார். வெளியே கொண்டுபோய்க் கடல்காற்றுக்கு நேராகப் பிடிப்பார். "எத்தனை மழைக்கு வரும்?" என்பார். அங்கே குடையின் வயதை மழைக்காலத்தால்தான் எண்ணுவார்கள். கடலூர்க்காரர் விரிக்கவே மாட்டார். மடக்கியபடியே ஊன்றிக்கொண்டு கடைக்குள் சிறிது நடப்பார், கண்ணாடியில் ஒருமுறை பார்த்துக்கொள்வார். பிடி பளபளக்க வேண்டும், நுனியில் பித்தளைப் பூண் வேண்டும். கம்பியைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால் முகம் வேறு பக்கம் திரும்பிவிடும்.

ஒரு புரட்டாசி வெயிலில், மடிப்புக் கலையாத வேட்டியோடு ஒரு பெரியவர் வந்தார். இருந்த குடையை எல்லாம் எடுத்துப் பார்த்தார், எதுவும் பிடிக்கவில்லை. செட்டியார் களைத்துப்போய் என்னைப் பார்த்தார். நான் உதவிக்குப் போய், "ஐயாவுக்கு வெயிலுக்கா, மழைக்கா? சொன்னா அதுக்குத் தகுந்த மாதிரி எடுத்துக் குடுக்கறேன்" என்றேன். அவர் என்னைப் பாவமாகப் பார்த்துச் சொன்னார்: "ரெண்டுக்கும் இல்ல தம்பி, சம்பந்திக்கு."

வாசற்படியில்

கடலூர்ப் பக்கம் என்னிடம் முதலில் கேட்பது "எந்த ஊரு?" அடுத்தது "ஊர்ல எந்தப் பக்கம்?" அந்த இரண்டாவது கேள்விக்குப் பதில் சொன்ன பிறகு எனக்குத் தண்ணீர் எந்தச் சொம்பில் வரும் என்பது தெரிந்துவிடும். செட்டியார் அந்தக் கேள்வியை என்னிடம் கேட்டதே இல்லை. கேட்காமலே தெரிந்துகொண்டார் என்றும் எனக்குத் தெரியும். தலச்சேரியில் என் பெயரை வைத்து யாராலும் எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. நான் வெறும் குடைக்காரனாக இருந்தேன். அது எவ்வளவு சுகம் என்பது அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

ஒரு மழைக்காலத்தில் மூசாக்கா கடையில் உட்கார்ந்திருந்தேன். துறைமுகத்தில் மூட்டை தூக்கும் ஆள் ஒருவன் தலையில் பாக்குமட்டைத் தொப்பியோடு வந்தான். குடை வாங்கினான். தொப்பியைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு வாசற்படியில் நின்றே குடையை விரித்து இறங்கினான். எதிரே கறுப்புக் கோட்டு போட்ட வக்கீல் ஒருவர் அதே மாதிரிக் குடையோடு வந்தார். சந்து குறுகல், இரண்டு குடையும் இடித்துக்கொண்டன. வக்கீல் தன் குடையைக் கொஞ்சம் உயர்த்தினார். இவன் கொஞ்சம் தாழ்த்தினான். இரண்டு பேரும் போய்விட்டார்கள். நான் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எந்தா பாக்குறீங்க?" என்றார் மூசாக்கா.

"எங்க ஊர்ல எங்க நைனா குடை புடிக்க முடியாது" என்றேன். அதற்கு முன் யாரிடமும் அதைச் சொன்னதில்லை. ஊர்த் தெருவில் எங்கள் ஆட்கள் செருப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டுதான் போக வேண்டும், குடை என்ற பேச்சே கிடையாது என்று சொன்னேன். வீடு நிறையக் குடை வைத்திருக்கிறேன், ஒன்றை எடுத்துக் கொடுத்தால் 'எதுக்குடா வம்பு' என்று நைனா திருப்பித் தந்துவிடுகிறார் என்றேன்.

அவர் தாடியை நீவிக்கொண்டார். "இவிடயும் உள்ளே கிராமத்துக்குப் போனா இதே கதைதான், மோனே. இந்த ஊரைப் பத்திப் பெருசா நெனைச்சுக்க வேண்டாம். இந்தக் கடைத்தெருவுல மட்டும் மழை யாருக்கும் அதுக்கு நேரம் கொடுக்கல்ல" என்றார். பிறகு எழுந்து, அலமாரிக்கு மேலிருந்து தனக்கென்று வைத்திருந்த குடையை எடுத்தார். கனத்த பிரம்புப் பிடி, இரட்டைத் துணி. என் மடியில் வைத்தார். நான் வேண்டாம் என்பதற்குள் சொன்னார்: "உங்க வாப்பாவுக்கு. விரிக்கிறதும் மடக்குறதும் அவர் இஷ்டம்."

திண்டிவனம் வரைக்கும்

நைனாவின் பெயர் சின்னப்பன். ஊரில் பெரிய வீட்டுக்காரர் நிலத்தில் உழைத்தே வளர்ந்தவர். திண்டிவனம் சந்தைக்கு அவர் வருகிற நாளாகப் பார்த்து நானும் இறங்கினேன். குடையைக் கொடுத்தேன். வாங்கி முகர்ந்து பார்த்தார்.

"யாரு குடுத்தது?"

"தலச்சேரியில ஒரு பாய், நைனா."

"அவருக்கு நம்மளத் தெரியுமா?"

"என்னத் தெரியும். உன்னப் பத்திச் சொன்னேன்."

"சொன்னதுக்கேவா குடுத்தாரு?" என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் கொடுத்தால் திருப்பித் தரலாம். முகம் தெரியாத ஒருவர், அவ்வளவு தூரத்திலிருந்து கொடுத்து அனுப்பியதை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

வெயில் சித்திரை மாதம் போல அடித்தது. நைனா குடையை விரித்தார். முதலில் அது விரியவில்லை, நான் காட்டிக் கொடுத்தேன். சந்தையிலிருந்து கடைத்தெரு வழியாக நடந்தோம். குடையைத் தன் தலைக்கு நேராகப் பிடிக்காமல் என் பக்கம் சாய்த்துக்கொண்டே வந்தார். டீக்கடையில் நின்றோம், அப்போதும் மடக்கவில்லை. ஒரு கையில் குடை, ஒரு கையில் டீ. திண்டிவனம் டவுனில் அவரை யாரும் ஏன் என்று கேட்கவில்லை. அவர்தான் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கிளியனூர் ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி எங்கள் ஊருக்குப் பிரியும் வண்டிப்பாதையில் காலை வைத்ததும், குடையை மடக்கினார். சந்தையில் வாங்கிய கோணிச் சாக்கில் சுற்றி, விறகு மாதிரித் தலையில் வைத்துக்கொண்டார். எனக்கு ஆத்திரம் வந்தது. "ஏன் நைனா, இத இப்பிடித் தூக்கிக்கினு வர்றதுக்கா குடுத்தாரு?" என்றேன். அவர் நடையை நிறுத்தாமல் சொன்னார்: "திண்டிவனம் வரைக்கும் விரிச்சேன் இல்ல. இன்னிக்கி அது போதும்டா."

வீட்டுக்குள் வந்த கடல்

ரோசம்மா இரண்டு கடலையும் பார்த்ததில்லை. ஆனால் என் துணிகளைப் பார்த்தே எந்தக் கடல் என்று சொல்லிவிடுவாள். மேற்கேயிருந்து வந்தால் என் சட்டைகளில் பச்சையும் கறுப்புமாகப் பூஞ்சை பிடித்திருக்கும். செருப்பில்கூட முளைத்திருக்கும். கிழக்கேயிருந்து வந்தால் வேர்வை காய்ந்து முதுகில் வெள்ளை வெள்ளையாக உப்புக் கோடு. ஒரு முறை பரங்கிப்பேட்டையிலிருந்து வந்து சட்டையைக் கழற்றிக் கொடுத்தேன். அவள் அதை விரல் நுனியால் பிடித்துத் தூக்கிப் பார்த்துச் சொன்னாள்: "மேக்கே போனா பூஞ்சை, கெயக்கே போனா உப்பு. உங்கள ஊறுகா போடத்தான் அனுப்பறாங்களா, இல்ல குடை விக்கவா?"

புதுச்சேரியில் வெயில் தாழ்ந்த பிறகு

விழுப்புரத்திலிருந்து வளவனூர் வழியாகப் புதுச்சேரிக்கு ரயில். தூரம் கொஞ்சம்தான், ஆனால் அந்தப் பக்கம் பிரெஞ்சுக்காரன் ராஜ்யம். எல்லையில் சுங்கச் சிப்பந்தி ஏறிப் பெட்டியைத் திறக்கச் சொல்வார். குடைக்குள் எதையாவது சுருட்டி வைத்திருப்பேனோ என்று ஒவ்வொன்றாக விரித்துப் பார்ப்பார். விரித்ததை மடக்குவது அவர் வேலை இல்லை. நான் பாட்டுக்கு மடக்கிக்கொண்டே வர, கூட வந்த பிரயாணிகள் குடைகளுக்கு நடுவே தலையை நீட்டி என்னைத் திட்டிக்கொண்டே வருவார்கள்.

அந்த ஊரில் குடை அதிகம் விற்றது பொழுது சாய்கிற நேரத்தில்தான். வெயில் போயிருக்கும், மழை வருகிற குறியும் இருக்காது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற ஒருவர் தொப்பியும் பூட்ஸுமாக வந்து, ஒரு குடையை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கடற்கரைக்குக் கிளம்பினார். "இந்நேரத்துக்கு எதுக்குங்க குடை?" என்று கேட்டுவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. என் தோளில் தட்டிச் சொன்னார்: "கைய வீசிக்கினு போனா சும்மா சுத்துறான்னு சொல்லுவாங்க. குடையோட போனா ஏதோ ஜோலியா போறாருன்னு வழி விடுவாங்க."

ஐப்பசியில் ஒரு நாள்

ரோசம்மாவுக்குத் தாய் இல்லை. அதனால் தலைப்பிரசவத்துக்கு எங்கள் அம்மாவிடமே கொண்டுவந்து விட்டிருந்தேன். ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட சமயம். கடலூரில் வேலையைப் போட்டுவிட்டு ஊருக்கு வந்து சேர்ந்தேன். மறுநாள் காலையில் அவளுக்கு வலி கண்டது. மருத்துவச்சி தொட்டுப் பார்த்துவிட்டு, குழந்தை குறுக்கே கிடக்கிறது, இங்கே வைத்துக்கொள்ள வேண்டாம், திண்டிவனம் ஆஸ்பத்திரிக்கு ஜல்தியாகக் கொண்டுபோங்கள் என்றாள்.

சேரியிலிருந்து ரோட்டுக்குப் போகும் எங்கள் பாதையில் ஓடை குறுக்கிடும். ஓடை கரை புரண்டு ஓடிக்கொண்டிருந்தது. அதில் மாடு இறங்காது. மிச்சம் இருந்த வழி ஊர்த் தெரு ஒன்றுதான். கிடைத்தது கூண்டு இல்லாத கட்டை வண்டி. வைக்கோல் பரப்பி, பாய் போட்டு, ரோசம்மாவைப் படுக்கவைத்தோம். அம்மா அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். நான் மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டேன். நைனாவைக் காணவில்லை. திரும்பிப் பார்த்தால், குடிசைக்குள்ளிருந்து சாக்கைப் பிரித்து உதறிக்கொண்டே வருகிறார். கையில் அந்தக் குடை. வண்டியின் பக்கத்தில் வந்து விரித்தார்.

பட்டப் பகலில் ஊர்த் தெருவுக்குள் வண்டி நுழைந்தது. மழைக்கு எல்லாரும் வீட்டில்தான் இருந்தார்கள். சத்தம் கேட்டு ஒவ்வொரு வாசலிலும் ஆள் வந்து நின்றது. நைனா ஒரு கையால் வண்டியின் முளைக்குச்சியைப் பிடித்துக்கொண்டு, மறு கையை நீட்டி ரோசம்மாவின் முகத்துக்கு மேலே குடையைப் பிடித்தபடி நடந்தார். அவர் மேல் ஒரு துளி பாக்கியில்லாமல் மழை விழுந்தது. பெரிய வீட்டுக்காரர் வாசலில் நின்றிருந்தார்.

"யாருடா அது, குடையோட?"

"நான்தாங்க ஆண்டே, சின்னப்பன். மருமவளுக்கு நோவு கண்டுடுச்சிங்க. ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

"போறது போ. குடைய மடக்கிக்கினு போ."

நைனா நடையை நிறுத்தவில்லை. வண்டியும் நிற்கவில்லை. நான் திரும்பித் திரும்பி அவர் கையையே பார்த்தேன். காற்றில் குடை ஆடியது. ஆனால் குடை அங்கேயே இருந்தது. யாரும் வந்து மறிக்கவில்லை. தெருக்கோடி வீட்டிலிருந்து ஒரு அம்மாள் மழையில் இறங்கி ஓடிவந்தார். மடித்த கம்பளி ஒன்றை வண்டியில் போட்டுவிட்டுத் திரும்பிப் போனார். இன்றைக்கும் எனக்கு அவர் பெயர் தெரியாது.

விளக்கு வைக்கும் நேரத்துக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாயும் நலம் என்று நர்ஸ் வந்து சொன்னாள். நைனா ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் வேட்டியைப் பிழிந்துகொண்டிருந்தார். சுவரோரம் சாய்த்திருந்த குடையிலிருந்து நீர் வடிந்துகொண்டிருந்தது. நான் பக்கத்தில் போய், "பயமா இல்லியா நைனா?" என்று கேட்டேன். "இல்லாம என்ன" என்றார். பிழிந்ததை உதறிக் கட்டிக்கொண்டு சொன்னார்: "ஆனா மடக்கறதுக்கு ரெண்டு கை வேணும்டா. ஒரு கை வண்டியப் புடிச்சிக்கினு இருந்துச்சி."

செட்டியாரின் பரீட்சை

அடுத்த வாரமே பெரிய வீட்டிலிருந்து ஆள் வந்தது, இனி வேலைக்கு வர வேண்டாம் என்று. நைனாவும் அம்மாவும் கொஞ்ச நாள் மிகவும் கஷ்டப்பட்டார்கள். என் சம்பளத்தில் இரண்டு குடித்தனம் ஓடியது. பிறகு திண்டிவனத்தில் ஒரு மல்லாட்டை மண்டியில் நைனாவுக்குக் காவல் வேலை கிடைத்து, இருவரும் அங்கேயே குடிவந்துவிட்டார்கள். அம்மா ரொம்ப நாள் ஊரை நினைத்து அழுதாள். நைனா ஒருமுறைகூட அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

பிறகு யுத்தம் வந்தது. துணி இல்லை, கம்பி இல்லை, குடையே இல்லை. கம்பெனி என்னை வேலையிலிருந்து எடுக்காமல், பழைய குடைகளைச் செப்பனிடத் துண்டுத் துணியும் உடைந்த கம்பியும் கொடுத்து அனுப்பியது. தலச்சேரியில் ஒட்டுப் போட்ட குடைகளோடு ஊரே வெட்கமில்லாமல் நடந்தது. கறுப்பில் காக்கி, காக்கியில் நீலம். கடலூரில் நல்ல குடை வைத்திருந்தவர்கள் அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு வெயிலில் நடந்தார்கள்.

மூசாக்கா கடையில் விற்கக் குடை இல்லாமல் போனபோது, கடைசியாக இருந்த ஒன்றை வாசலில் ஆணியடித்து மாட்டிவிட்டார். ஸ்டேஷனுக்கோ ஆஸ்பத்திரிக்கோ போக வேண்டியவர் எடுத்துப் போகலாம், திரும்பக் கொண்டுவந்து மாட்டிவிட வேண்டும். யாரையும் அவர் பெயர் கேட்டதில்லை. நான் போனபோதெல்லாம் ஆணி காலியாக இருக்கும், நான் கிளம்புவதற்குள் குடை வந்துவிடும். இதை நடேச செட்டியாரிடம் சொன்னேன். அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. நம் ஊர்க்காரர்கள் மட்டும் என்ன குறைந்தவர்களா என்று அவரும் ஒரு குடையை வாசலில் மாட்டினார்.

அடுத்த முறை போனபோது குடை ஆணியில்தான் தொங்கியது. எனக்கே சந்தோஷமாக இருந்தது. "பாத்தீங்களா, வந்துடுச்சே" என்றேன். செட்டியார் அதை எடுத்து என்னிடம் நீட்டினார். எடுத்துப் போன மனிதர் கிழிசலைத் தைத்திருந்தார், பிடியை எண்ணெய் போட்டு மெருகேற்றியிருந்தார், அதில் தன் பெயரையும் தகப்பனார் பெயரையும் அழகாகச் செதுக்கியிருந்தார். செட்டியார் பெருமூச்சு விட்டுச் சொன்னார்: "நேர்மையான மனுஷன், குடைய என்கிட்டயே குடுத்துட்டாரு. ஆனா இனிமே இது அவரு குடை."

கிழக்கே ஒரு விடியல்

யுத்தம் முடிந்து ரயிலில் கூட்டம் கொஞ்சம் குறைந்த பிறகு, மூசாக்கா நாகூர் தர்காவுக்குப் புறப்பட்டார். எங்களைப் பார்க்கவென்றே சுற்றி வந்து விழுப்புரத்தில் இறங்கி எங்கள் வீட்டில் தங்கினார். வந்த மனிதர் வெயிலில் ஸ்டேஷனிலிருந்து நடப்பதற்குள் தளர்ந்துபோனார். "இந்த வெயில்லயா நீங்க வருஷம் பூரா இருக்கீங்க?" என்று பலமுறை கேட்டார். ரோசம்மா கேப்பைக் கூழ் கரைத்து மோர் ஊற்றிக் கொடுத்தாள். இரண்டு சொம்பு குடித்தார். என் மகள் அவர் தாடியைத் தொட்டுப் பார்க்கப் பயந்து பயந்து கிட்டே வந்து, கடைசியில் மடியிலேயே தூங்கிவிட்டாள்.

திண்டிவனத்திலிருந்து நைனா வந்தார். இரண்டு பேரும் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்துக்கொண்டார்கள். நைனா கும்பிட்டார். மூசாக்கா அந்தக் கைகளைப் பிரித்துத் தன் கைகளுக்குள் வைத்துக்கொண்டார். என்ன பேசுவார்களோ என்று நானும் ரோசம்மாவும் காத்திருந்தோம். நைனா கொண்டுவந்த பச்சை மல்லாட்டையை நடுவில் கொட்டிக்கொண்டு இருவரும் உரித்துத் தின்றார்கள். நல்ல பருப்பாகப் பார்த்து நைனா அவர் பக்கம் தள்ளினார், அவர் அதைத் தூங்குகிற குழந்தையின் கைக்குள் வைத்தார். ரயிலுக்கு நேரமாகும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.

கடலூர் வரைக்கும் நானும் கூடப் போனேன். செட்டியார் தன் கடைக்குப் பின்னால் எங்கள் இரண்டு பேருக்கும் படுக்க இடம் கொடுத்தார். கண்ணாடியைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்த மூசாக்கா, அதில் தன்னை ஒருமுறை பார்த்துக்கொண்டு சிரித்தார். விடியற்காலையில் தொழுகை முடித்துவிட்டு, கடலைப் பார்க்க வேண்டும் என்றார். மணலில் போய் நின்றோம். அவர் பிறந்ததிலிருந்து கடலோரத்தில் இருந்தவர், ஆனால் கடலிலிருந்து சூரியன் எழுந்து அவர் பார்த்ததில்லை. அவர் ஊரில் அது கடலில் இறங்குகிறது. சிவப்பாக விளிம்பு தெரிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். முழுசாக மேலே வரும்வரை விடவில்லை. பிறகு மெல்லச் சொன்னார்: "எங்க கடல்ல முங்கிப் போனது, உங்க கடல்ல எழுந்து வருது. ராத்திரி பூரா வந்திருக்கும், பாவம், உங்களப் போல அதுவும் ஒரு டிராவலர்."

மேற்கே மழைக்குக் குடை வாங்கினார்கள், கிழக்கே நாலு பேர் பார்க்க வாங்கினார்கள், ஆனால் இரண்டு கரைக்காரர்களும் ஒரே மாதிரி அதை ரயிலில் மறந்துவிட்டு இறங்கியதால்தான் என் குடும்பம் பிழைத்தது.